வெள்ளைத் தகடு

தங்க நிறக் குமிழ் வைத்த கிதார் எனக்குப் பிடிக்காது. மேடை விளக்கில் அது மின்னினால் வாசிக்கிறவன் மேலேயும் எல்லார் கண்ணும் விழும். நான் கச்சேரியில் டிரம்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கிதார் வாசிக்கிற ஆள். அதனால் மதுரையில் பழைய எலக்ட்ரிக் கிதார் வாங்கப் போனபோது, கறுப்பு உடம்பு, கம்பி முறுக்கும் வெள்ளிக் காதுகள், கம்பிகளுக்கு அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு என்று அடக்கமானதாகப் பார்த்து எடுத்தேன்.

நாங்கள் மலையில் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். நான் ஜீப்பில் மூட்டை ஏற்றிப் போடிக்குக் கொண்டுபோவேன். என் மனைவி ஏலக்காய் பொறுக்குவாள். கிதாரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"காய்னா பச்சைக்குத்தான் மதிப்பு. பொண்டாட்டிதான் கறுப்புன்னா, கிதாருமா?"

மழைக்காலத்தில் மஞ்சு பனிமூட்டமாக வீட்டுக்குள் வந்துவிடும். வெள்ளிக் காதுகள் மங்கின. நான் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் நான் போடிக்கு இறங்கியிருந்தபோது, அடுப்புச் சூட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் கிதாரைத் தொங்கவிட்டுவிட்டாள். எங்கள் லயத்தில் சட்டை, போர்வை, பிள்ளைகளின் பை எல்லாம் அந்தச் சூட்டில்தான் காயும்.

திரும்பி வந்தபோது கறுப்பில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது. தகடு பழுப்பேறி, ஒரு ஓரம் மேலே வளைந்து நின்றது.

"காயெல்லாம் நல்லாத்தானே காஞ்சிருக்கு. இது மட்டும் ஏன் இப்படிச் சுருங்கிப்போச்சு?" என்றாள்.

பரவாயில்லை, இப்போதுதான் அழகு என்றேன். மெய்யாகவே அப்படித்தான் தோன்றியது. பளபளப்பான பொருள் என்றால் எனக்குத் தொடவே கூச்சம். அந்தக் கூச்சம் போய்விட்டது. அவள் நம்பவில்லை. திருவிழாக் கச்சேரிக்கு வந்தால் மேடையோரம் ஸ்பீக்கர் பெட்டி பக்கம் நின்று, வளைந்த அந்த ஓரத்தையே பார்ப்பாள்.

தேனி ஆஸ்பத்திரியில் அவள் நோயாகப் படுத்திருந்தபோதும் அதே நினைப்புத்தான்.

"அந்தத் தகட்ட மாத்திருங்க. நான் கெடுத்ததாவே அது இருக்க வேணாம்."

மாற்றுகிறேன் என்றேன். அவள் வீடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கிதாரை உறையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. அந்த வளைவு அவள் செய்தது. அதைக் கழற்ற எனக்கு மனமில்லை. கழற்றாமல் மேடை ஏறவும் முடியவில்லை, சொல்லிவிட்டேனே.

சிலமலைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். தகட்டை மாற்ற மதுரைக்குப் போனேன். கடைக்காரர் முத்துப்போல மின்னும் தகடும் தங்கக் குமிழும் காட்டினார். பழைய மாதிரி வெள்ளையே போதும் என்றேன். கறுப்பையும் புதிதாக அடித்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், அவள் தகட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். கழற்றிய தகட்டைக் குப்பையில் போடப் போனவரிடம் கை நீட்டி வாங்கி, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டேன்.

சிலமலை மேடையில் புதுத்தகடு நேராக, பால் வெள்ளையாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அப்படி இருப்பதுதான் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

பாட்டின் நடுவில் என்னை அறியாமல் ஸ்பீக்கர் பெட்டி பக்கம் திரும்பினேன். அங்கே மடக்கிய நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பாட்டு முடியும் வரை, தகடு அந்தப் பக்கம் தெரியும்படி கிதாரைத் திருப்பியே பிடித்திருந்தேன்.