இரவல் நாக்கு

சமைக்கும்போது நான் தனியாகப் பேசுவேன். இது பைத்தியம்தான் என்று என் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை. சமைக்க வேறு ஆள் கிடைக்காததால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "முதல்ல புளி வருது, அப்புறம் மெதுவா வெந்தயக் கசப்பு, கடைசியில தொண்டையில மிளகா" என்று அடுப்பைப் பார்த்து ஒப்பிப்பேன். யாரிடம் சொல்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. நல்லவேளை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது. பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வாடகை வீடு. கிறிஸ்துமஸுக்குக் கேக் மாவை வீட்டிலேயே கலக்கி, தகரத் தட்டில் ஊற்றி, பெயரெழுதிய சீட்டைச் செருகி, மூலை பேக்கரிக்குக் கொண்டுபோவோம். பாய் தன் விறகு அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். டிசம்பரில் அங்கே தட்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். அதில் அம்மாவின் தட்டுக்குத் தனி மரியாதை. சூடு பதமாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் அதை உள்ளே தள்ளுவார்.

அந்த வருஷம் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கரண்ட் வைத்தார்கள். கழுத்து கருத்து, தோல் உரிந்து வீடு திரும்பினாள். தினமும் சாயங்காலம் எங்கள் தெருவுக்கே கரண்ட் இல்லாதபோது அம்மாவுக்கு மட்டும் தனியாகக் கொடுக்கிறார்களே என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன். என் அறிவு அந்த அளவில் இருந்தது.

அதுவரை எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் அத்தை. "இந்த வருஷம் கடையில வாங்கிக்கலாம் அண்ணி. இனிமே உங்களால அடுப்பு முன்னாடி நிக்க முடியாது" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். மறுநாள் காலை அம்மா கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு சர்க்கரையைக் கருக்க ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தட்டு ஒழுங்காக வந்துவிட்டால் அடுப்பங்கரை மறுபடி அவளுடையது. அது எனக்கே புரிந்தது.

மாவைக் கலக்கி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுடா. எதை வாயில வெச்சாலும் மண்ணு மாதிரி இருக்கு. நீதான் பாத்துச் சொல்லணும்."

அத்தையின் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு அப்பாவும் தினம் இதையேதான் முணுமுணுப்பார். அதனால் நான் கவலைப்படவில்லை.

ஒரு கரண்டி தந்தாள். வெண்ணெய், முட்டை, கருக்கிய சர்க்கரை, அப்பாவிடமிருந்து பிடுங்கிய ரம்மில் ஊறிய திராட்சை. எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் கச்சிதம் என்று சொன்னால் கரண்டி திரும்பிப் போய்விடுமே!

"இனிப்பு பத்தலம்மா."

"அப்படியா?" ஒரு கை சர்க்கரை போட்டுக் கலக்கி, இன்னொரு கரண்டி. "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

அடுத்த கரண்டிக்கு, ஜாதிக்காய் தெரியவில்லை என்றேன். அதற்கடுத்து மறுபடி இனிப்பு. மொத்தம் ஐந்து கரண்டி. வருஷக்கணக்காக ஒரே அளவில் போட்டுப் பழகிய கை, ஒவ்வொரு தடவையும் சர்க்கரை டப்பாவின் மேல் கொஞ்சம் தயங்கி நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்த பிறகு உள்ளே போனது.

சாயங்காலம் தட்டை வாங்கப் போனோம். பாய் அதை உடனே நீட்டவில்லை. கேக்கின் நடுவில் பெரிய குழி. ஓரமெல்லாம் மிட்டாய் மாதிரி இறுகிக் கிடந்தது.

"க்யா மா, இது உங்க கை இல்லியே. வேற யாராச்சும் கலக்கினாங்களா?"

"நான்தான் பாய். சூடு ஏறிப்போச்சோ என்னமோ."

வேறு யாராவது அந்த அடுப்பைக் குறை சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். "இருக்கும் மா, இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எனக்குக் கொடுத்தாள். அவளும் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். என் வாய்க்குள் பாகும் ஜாதிக்காய்க் கசப்பும் அடித்துக்கொண்டன.

"எப்படிடா இருக்கு? சொல்லு."

"சூப்பர்மா."

மென்றுகொண்டே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூப்பர்னா?"

"சூப்பர்னா சூப்பர்தான்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

என் சூப்பரை நம்பி அம்மா ஒன்பது வீட்டுக்கு அந்தக் கேக்கைக் கொடுத்தனுப்பினாள். கிறிஸ்துமஸ் மத்தியானம் அத்தை உடைத்துவிட்டாள். "வாயில வைக்க முடியல அண்ணி. ஒரே திகட்டல், அதுக்கு மேல கசப்பு. கீழ்வீட்டுல வேலைக்காரம்மாகிட்ட குடுத்துட்டாங்களாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலில் தொங்கிய ஸ்டாரை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"நான்தான் சர்க்கரைய ரெண்டு தடவை போட்டுட்டேன் போல. மறதி" என்றாள்.

அடியிலிருந்து தப்பித்ததற்காகக் குடிலில் இருந்த குழந்தை இயேசுவுக்கு நன்றி சொன்னேன். மறுநாளிலிருந்து அத்தை சமைத்தாள். அம்மா அடுப்பங்கரைப் பக்கம் வரவேயில்லை. அடுத்த டிசம்பரில் பாயின் வரிசையில் எங்கள் தட்டு இல்லை. அம்மாவும் இல்லை.

ஐந்து கரண்டிப் பாவத்தைப் பிறகு மாதா கோயில் சாமியாரிடம் சொல்லி அழுதேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். மலிவுதான். அதோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்து, கேக்கும் குழம்புமாக வாழ்க்கையை அடுப்பு முன்னாலேயே ஓட்டிவிட்டேன்.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் பத்து நாள் எனக்கு நாக்கு செத்துப்போனது. எட்டாம் நாள், கண் திட்டத்தில் ஒரு ரசம் வைத்து மகளுக்கு ஊற்றினேன். நானும் ஒரு வாய் குடித்தேன், எனக்கு அது வெறும் வெந்நீர். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்குப்பா" என்றாள் போனிலிருந்து தலையெடுக்காமல். "நல்லான்னா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்கு என் நாக்கு வழியாக அந்தக் கேக்கைச் சாப்பிட ஆசையாக இருந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.