துட்டி வீட்டுக்கு வந்த புத்தகங்கள்

இந்த ஊரில் சாவு வீட்டுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள். மருமகன் இறந்த மறுநாள் பக்கத்து வீட்டு லிண்டா அம்மையார் ஒரு பொட்டலத்தோடு கதவைத் தட்டினார். நம் பக்கம் அடுப்பு எரியாத வீட்டுக்கு உறவுக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். அப்படி ஏதோ என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். பிரித்தால், துக்கத்தைக் கடப்பது எப்படி என்று ஒரு புத்தகம். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். வாங்கிய பொருளுக்குக் கெடு கேட்பது என் தொழில் பழக்கம். அவர் என் கையை அழுத்திப் பிடித்து, "எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலம்" என்றார், கண் கலங்க. நான் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் வேறெதற்கோ பதில் சொன்னார். அந்த வாரம் முழுவதும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து நல்லவர்கள் புத்தகமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். ஒருவரும் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவரவில்லை.

நான் உத்தமபாளையம் பக்கத்தில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வுக்குப் பிறகு ஒரே மகள் கவிதாவோடு வந்து சேர்ந்தேன். அவள் கணவர் அலுவலகத்து வண்டி நிறுத்துமிடத்தில் மாரடைப்பில் விழுந்தபோது, ரெஜிஸ்ட்ரார் அலுவலகம், வங்கி, ஓய்வூதியம் என்று எல்லா வாசலிலும் நானே ஏறி இறங்கினேன். இந்த நாட்டு விதிகள் நம் விதிகளுக்குத் தம்பி முறை. அவற்றோடு எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் கவிதாதான். அவள் அழவில்லை. ஒரு வேளைக்கு அரைத் துண்டு ரொட்டி தின்றாள். சமையலறை மேசையில் அந்தப் புத்தகங்களை அடுக்கி வைத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கோபமே வரலப்பா. மூணாவது அத்தியாயத்துல கோபம் வரணும்னு போட்ருக்கு. எனக்கு என்னமோ ஆயிருச்சு."

"எழுதினவன் மேல கூடவா வரல?" என்றேன். எனக்கு வந்திருந்தது. அவள் சிரிக்கவில்லை.

கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் நானும் படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. முதல் பக்கத்தில் தொலைபேசி ஒலிக்கும். ஐம்பதாம் பக்கத்தில் ஆசிரியர் இறந்தவரின் சட்டையை முகர்ந்து பார்ப்பார். பிறகு மெல்லிய குரலில் பேசும் ஆலோசகர் ஒருவர் வந்து, கேட்காமலே சிறுவயதுக் காயம் ஒன்றைத் தோண்டி எடுப்பார். முக்கால் பாகம் தாண்டினால் கடல். துக்கம் வந்தவர்கள் குளிர்ந்த கடலில் இறங்கியே தீர வேண்டும் என்று இந்தத் தீவில் சட்டம் இருக்கிறது போலும். கடைசி அத்தியாயத்தில் தோட்டத்தில் ஏதோ துளிர்க்கும். இறந்தவரின் கைப்பேசி இணைப்பைத் துண்டிப்பதற்காக, காதில் சங்கீதம் கேட்டபடி அரை நாள் காத்திருந்தவர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ட்ராமா, அதாவது மனக்காயம், என்ற சொல்லை மட்டும் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவியிருக்கிறார்கள்; பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கும் ட்ராமா, பஸ்ஸில் அடிபட்டவனுக்கும் ட்ராமா.

தேனியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். நண்பர் ஒருவர் அனுப்பிய தமிழ் நாவல்களும் அதே மேசையில்தான் கிடந்தன. நம் எழுத்தாளர்களுக்குப் பைத்தியம் என்றால் பெண்ணாக இருக்க வேண்டும். தலையை விரித்துப் போட்டுக் கோயில் வாசலில் உட்கார்ந்து தத்துவம் பேச வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு மாமா செய்த கொடுமை வெளிவரும்; நாவல் முடியும், பாராட்டு விழா தொடங்கும். உதவித்தொகை விசாரணைக்காக இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருவரும் தத்துவம் பேசவில்லை. வடுகபட்டியில் மகனைப் பறிகொடுத்த பூண்டு வியாபாரி ஒருவர் சந்தையில் எடை பிசகாமல் வியாபாரம் செய்தார். வீட்டுக்குப் போக மட்டும் மறுத்துவிட்டார். அவர் மனைவி நாள்தோறும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, சந்தைக் கொட்டகையில் வைத்தே அவரைச் சாப்பிட வைத்துவிட்டுப் போவார். திருப்பம் இல்லாத கதை. எவரும் எழுத மாட்டார்கள். தாமே உயிரை முடித்துக்கொண்டவர்களைப் பற்றி என் மேசைக்கு வந்த தாள்களிலோ, காரணம் என்ற இடத்தில் 'தீராத வயிற்றுவலி' என்றுதான் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வயிறு நோய்ப்பட்டிருந்தது. மனம் என்ற ஒன்று எவருக்கும் இருந்ததாகப் பதிவே இல்லை. இங்கே முந்நூறு பக்கம், அங்கே ஒரு வரி. இரண்டிலும் ஆளைக் காணோம்.

புத்தகம் ஒன்றில் 'எல்லை வகுத்தல்' என்று ஓர் அத்தியாயம். நம்மைச் சோர்வடையச் செய்பவர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டுமாம். அதைப் படித்த நாளிலிருந்து கவிதா, தேவாரம் ஊரில் இருக்கும் என் தங்கை பாண்டியம்மாளின் அழைப்பை எடுப்பதில்லை. தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, புள்ளைகிட்டத் துட்டி கேக்காம நான் எந்த மொகத்தோட இன்னொரு வீட்டு விசேசத்துக்குப் போவேன்? இங்கன ஊருல என்னைய என்ன பேசுறாக தெரியுமா?"

துட்டி கேட்பது என்றால், சாவு வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுவது. எனக்கு அது புரிந்தது. அதுவும் ஒரு நடைமுறை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தங்கை வீடியோவில் வந்ததும், கைப்பேசியைக் கவிதாவின் எதிரே, புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்தேன்.

நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. தங்கை கொண்டையை அவிழ்த்துவிட்டு எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள்.

"ஏ ஆத்தா! கடலு தாண்டிக் கூட்டிப் போயி எம்புள்ளையக் குளிருல ஒக்கார வச்சிட்டுப் போயிட்டாகளே! கல்யாணத்தன்னிக்கே பாத்தேன், எலையில வச்சதத் தொடாம பந்தியில பாதியில எந்திரிச்ச ஆளு. பாதியில எந்திரிக்கிறதே அவுக வழக்கமா!"

செத்தவரை வைவது ஒப்பாரியின் முறை. பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத மாமியாருக்கும் தங்கை இதே ராகத்தில்தான் அழுதாள். இதுவும் அச்சுதான், பக்கம் குறைவு, அவ்வளவே. ஆனால் கவிதா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லாதீங்க அத்தே. அவர் பாதியில எந்திரிக்கல. பாயசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு."

"குடிச்சாக, குடிச்சாக! குடிச்சுப்புட்டு எங்க போனாக?"

"எனக்கென்ன தெரியும்? எங்கிட்டச் சொல்லிட்டா போனாரு!" என்று கவிதா கத்தினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அடுத்து அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

சுவர் மெல்லியது. லிண்டா அம்மையார் வாசலில் நின்றார். எல்லாம் சரிதானே என்றார். "சரிதான். என் தங்கை வந்திருக்கிறாள்" என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். சோபாவில் ஆளில்லை, வாசலில் புதுச் செருப்பும் இல்லை. மிகுந்த இரக்கத்தோடு என் கையைத் தடவிக் கொடுத்தார். அடுத்த வாரம் எனக்கென்று தனியாக ஒரு புத்தகம் வரும்.

தங்கை என் மகளைக் குணப்படுத்திவிட்டாள் என்று எழுதினால், அந்த மேசையில் இன்னொரு புத்தகத்தை வைத்தவனாவேன். மறுநாளும் கவிதா பென்சிலோடுதான் உட்கார்ந்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, வாசலிலிருந்து நான் திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு இருக்காப்பா?" என்று கேட்டாள். போட்டேன்.

கைப்பேசியில் தங்கை இல்லை. துட்டி வீட்டில் போய்ட்டு வாறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அவளும் முறைப்படி எழுந்து போய்விட்டாள், அழைப்பைத் துண்டிக்காமல். தேவாரத்து வீட்டில் எங்கேயோ மல்லாந்து கிடந்த அவள் கைப்பேசி வழியாக, அங்கத்து மோட்டு வளையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. தூரத்தில் அவள் பால்காரரோடு சண்டை போடும் குரல் கேட்டது. நான் நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன்.

"கட் பண்ணாதீங்கப்பா" என்றாள் கவிதா.

காலடியில் ஹீட்டர் எரிய, தேவாரத்து மின்விசிறிக்கு அடியில் என் மகள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.