வண்டி ஸ்பீக்கரில் வந்த போன்

பெங்களூரு பொம்மசந்திராவில் உள்ள கம்பெனிக்கு நாங்கள் சிலர் ஒரே வண்டியில் போவோம். டிரைவர் புது ஸ்பீக்கர் மாட்டியதும், என் செல்போனைப் புளூடூத்தில் இணைத்துப் பாட்டுப் போட்டேன்.

மறுநாள் எங்கள் ஓசூர்க்கார மேனேஜரும் வண்டியில் வந்தார். மகள் காதுகுத்துக்கு அவரிடம் லீவு கேட்கப் பயந்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

வழியில் இறங்கி, வண்டிப் பக்கத்திலேயே டீ குடித்தபோது மனைவி கூப்பிட்டாள். எடுத்தால் சத்தமே இல்லை. எரிச்சலில், "ஹலோ! ஹலோ!" என்று கத்தினேன். போன் தானாகவே ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது இந்த மடையனுக்குத் தெரியவில்லை. அவள் குரல், மேனேஜர் இறங்காமல் உட்கார்ந்திருந்த வண்டிக்குள் முழங்கியது.

"அந்தக் கடுவன் பூனை லீவு குடுத்துச்சா? வீட்லயே திட்டிட்டிருக்கீங்களே, நேர்ல கேளுங்க!"

வேலை போச்சு என்று நின்றேன். மேனேஜர் கண்ணாடியை இறக்கினார்.

"குடுத்தாச்சுன்னு சொல்லுங்க. பூனைக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க."

காதுகுத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் பாட்டு முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுகிறேன். வீட்டில் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.