நெமெர்ச்கா மலையில் ஆறிய தேநீர்

கிரேக்க எல்லையை ஒட்டிய எங்கள் பெர்மெத் ஊரில் இதைச் சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அன்று மலையில் இல்லை. நான் இருந்தேன்.

ஜூலை மாதம். நானும் என் கொழுந்தன் பெஸ்னிக்கும் நெமெர்ச்கா மலைக்குத் தேநீர்ச் செடி வெட்டப் போனோம். தேயிலை இல்லை அது, காய்ச்சிக் குடிக்கும் காட்டு மூலிகை; பாறை இடுக்கில் சாம்பல் தண்டும் மஞ்சள் பூவுமாக நிற்கும். வேர் அசையாமல் வெட்ட வேண்டும். நான் ஒவ்வொரு தண்டாகப் பார்த்துப் பார்த்து வெட்டுவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“செடிக்குச் சிங்காரம் பண்ணது போதும் அண்ணி. பொழுதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்.”

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. காலை வைத்தால் பள்ளம். ஆட்டுக்காரர்கள் விட்டுப்போன கல் குடிசையில் ஒதுங்கினோம். சுள்ளி மூட்டி, வெட்டிய செடியில் ஒரு பிடி போட்டுக் கொதிக்க வைத்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். வெளியே சரளைக்கல் சரியும் சத்தம்... சரக்... சரக்... வாசல் வரை வந்து நின்றது.

ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அந்தக் கோடையில் கம்பளிக் கோட்டு. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழையே பெய்யவில்லை.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. தேநீரை நீட்டினேன். வாங்கினாள். குடிக்கவில்லை.

“இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரலையேம்மா.”

சற்று நேரத்தில் மறுபடி அதே கேள்வி. அதே குரல். மூன்றாவது முறை கேட்டபோது பெஸ்னிக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

பெஸ்னிக் சுவரோடு ஒட்டியிருந்தான். அவனும் வாசலைத்தான் பார்த்தான். ஆனால் அவள் முகத்தை இல்லை... தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தை.

“அந்தப் புள்ளய உள்ள கூப்பிடாதீங்க அண்ணி” என்று முணுமுணுத்தான்.

காற்று அடித்தது. மூட்டம் விலகியது.

வாசல் காலி.

குவளை மட்டும் படிக்கல்லில் இருந்தது. தொட்டேன்... தேநீர் உறைந்து கட்டியாகியிருந்தது.

மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினோம்.

சாலைக்கு வந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

“அந்தக் குட்டிப் பொண்ணு அம்மா வந்தாங்களா, அம்மா வந்தாங்களான்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்துச்சு அண்ணி.”

“எந்தக் குட்டிப் பொண்ணு? நின்னது ஒரு பொம்பள.”

அவன் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. நான் எந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஆட்டுக்காரர்கள் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். பல வருடங்களுக்கு முன் கொட்டும் பனியில் கிரேக்க எல்லையைத் தாண்டப் போய்க் காணாமல் போன ஒரு தாயும் மகளும். தாய் வடக்குச் சரிவில் கிடந்தாள். மகள் தெற்குச் சரிவில். நடுவில் அந்தக் குடிசை.

ஒருத்தி கூப்பிட்டால் மற்றவளுக்குக் கேட்கிற தூரம்தான்.