புடலங்காய் விற்றுக் கொடுத்த மனை

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இந்த வாரம் உங்களிடம் வேறு ஏதாவது பேசியிருப்பேன். இருக்கவில்லையே...

சிறுசேரிப் பக்கம் எங்கள் லேஅவுட்டில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். ஐ.டி. பார்க் வந்தாலும் வந்தது, ஆளாளுக்கு வாங்கிப் போட்டுவிட்டார்கள். என் வீட்டை ஒட்டிய மனைக்குச் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். "யாரும் குப்பை கொட்டாம பாத்துக்குங்க சார், வேணும்னா ஏதாச்சும் செடி வச்சுக்குங்க" என்று போனில் சொன்னார். வைத்தோம் — நானும் எதிர்வீட்டு பாயும்.

பாய் செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்ததும் கடையை மூடச் சொல்லி மகன் இங்கே அழைத்து வந்துவிட்டான். மகனுக்கு சாஃப்ட்வேர் வேலை. காலையில் கேப் வந்து அள்ளிக்கொண்டு போகும். ராத்திரி கொண்டுவந்து போடும். நடுவில் பாய்க்கு யார் இருக்கிறார்கள்? வந்த புதிதில் நாள் முழுக்க கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

அந்த மனுஷரைப் பேச வைத்தது புடலங்கொடி. என் வீட்டு போர் தண்ணீரை ஹோஸ் போட்டு இழுத்தோம். கத்திரி, வெண்டை, பந்தலில் அவரையும் புடலையும். காய் கோணாமல் வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார் பாய். கட்டுவதற்குக் கடையில் மிஞ்சிய பூப்போட்ட துணிக் கிழிசல்! பறித்த காயை அன்றைக்கே சமைத்துச் சாப்பிடும் சுகம் இருக்கிறதே... சரி, இப்போது அதைப் பேசி என்ன?

ஞாயிறு காலை ஒரு புரோக்கர், பைக்கில் ஒருவரை அழைத்து வந்தார். மதுராந்தகத்தில் நெல் வியாபாரமாம். அடுத்த தெருவில் ஏதோ பார்க்க வந்தவர்கள், நிழலுக்கு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

"இந்தப் பக்கம்லாம் தண்ணி உப்புன்றாங்களே சார்?" என்றார் வியாபாரி.

விடுவேனா? "எவன் சொன்னான்? குடிச்சுப் பாருங்க!" என்று ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தேன். புடலங்காயைத் தடவிக் காட்டினேன். "உப்புத் தண்ணியில இது வருமா?" போதாதென்று ஒரு பை கத்திரிக்காய் வேறு. புரோக்கர் வாயே திறக்கவில்லை. அவர் வேலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேனே!

மத்தியானமே அட்வான்ஸ் கைமாறிவிட்டது — எங்கள் தோட்டத்து மனைக்கு. துபாய்க்காரர் எப்போதோ விற்கச் சொல்லியிருந்தாராம். ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்த கையோடு ஜே.சி.பி. வருமாம்.

பாயிடம் சொன்னேன். "இன்னா சார் சொல்றீங்க?" என்றார், ஒரே ஒரு தடவை. அப்புறம் பந்தலுக்கடியில் போய்க் காய்களில் கட்டியிருந்த கற்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். மறுநாள் காலை அவர் வீட்டு கேட் பக்கத்தில் மறுபடியும் நாற்காலி. ஒரு மனிதரை இப்படியா தனியாக்குவது, வெறும் வாய்ப்பெருமைக்கு?

புதன்கிழமை புரோக்கர் மறுபடி வந்தார். வாயெல்லாம் பல்.

"அண்ணாத்த, உங்க வூட்டுக்கு அந்தாண்ட பிளாட்டு பொட்டலா கீது. பாக்க வர்றவன் எவனும் நிக்க மாட்றான். நீங்களும் பாயும் அங்க தோட்டம் போடுங்களேன்... ஓனராண்ட நான் பேசிக்கிறேன். பச்சையா காட்னா ஒடனே பூடும்!"

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல வந்தது. அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பாய் எழுந்து வந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து போடலாம்?"

"பாய், அதையும் வித்துடுவான்!"

"தெரியும் சார். காலைல எந்திரிச்சா எங்கனா போவணும்ல?"

இன்று காலை இரண்டு பேரும் அந்தப் பொட்டலைக் கொத்தினோம்.

கொடி பந்தல் ஏறிக் காய்க்க மாதக்கணக்காகும் — புரோக்கருக்கு விற்க ஒரு காலை போதும்.