வீடுகள் வராத நகர்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு நேரில் 'மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் 'வசூலம்மா'. புதிதாக வீடு கட்டி விற்க வருகிற கம்பெனிகளிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்குவதும், அந்தப் பணம் அதே இடத்தில் ரோடாகவும் சாக்கடையாகவும் மாறுகிறதா என்று போய்ப் பார்ப்பதும் அவள் வேலை.

"வீடே இன்னும் எழும்பல, அதுக்குள்ள வசூலா?" என்று பில்டர்கள் முகம் சுளிப்பார்கள்.

"குடி வர்றவங்க முதல் நாளே பல் தேய்ப்பாங்க சார். தண்ணிக்கு எங்க போறது? ஏற்கனவே இருக்கிறவங்க தலையில கட்டவா?" என்பாள்.

ஊர் எல்லையில் பெரிய குடியிருப்பு ஒன்றுக்கு இப்படித்தான் கட்டணம் வாங்கினாள். சொன்னபடி தார் ரோடு வந்தது. குழாய், நடைபாதை, தெருவிளக்கு வந்தன. பஸ் கூட விட்டார்கள். வீடுகள் மட்டும் வரவில்லை. பில்டர் கம்பெனி திவாலாகி, முதலாளி கம்பி நீட்டிவிட்டார். பொட்டல்வெளியில் நடைபாதை மட்டும் வீடுகளுக்கு இடம் விட்டு வளைந்து வளைந்து போனது. பொழுது சாய்ந்தால் விளக்குகள் தானாக எரிந்தன.

அந்த பஸ்ஸை ஓட்டியது அவள் கணவர்தான். ஒருநாள் சாப்பாட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உப்பு தூக்கலா?"

"அதில்ல. கடைசி ஸ்டாப்புல ஒரு அம்மா தினமும் இறங்குது. கை நிறைய காய்கறிப் பை. எங்கம்மா போறீங்கன்னு இன்னைக்குத்தான் கேட்டேன். வீட்டுக்குங்குது."

"எந்த வீட்டுக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் அவளும் அந்த பஸ்ஸில் ஏறினாள். கடைசி ஸ்டாப்பில் இறங்கியது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நேர்த்தியான புடவை, வாரி முடிந்த தலை. நடைபாதையோடு போய் ஓரிடத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பைக்குள் துழாவிச் சாவி எடுத்தாள். வெறும் காற்றில் மணிக்கட்டைத் திருப்பினாள். பிறகு, உயரமான வாசல்படியைத் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்து உள்ளே போனாள்.

உள்ளே என்றால், அதே பொட்டல்தான்.

"ஏம்மா வெளியவே நிக்கிறீங்க? வாங்க, உட்காருங்க."

வசூலம்மா செருப்பைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க இங்க வீடு வாங்கியிருந்தீங்களா அக்கா?"

"வாங்கியிருந்தோமா? இதுதாம்மா அது. பிளான் காட்டினப்பவே பிடிச்சுப்போச்சு. அவர் பி.எஃப். மொத்தத்தையும் போட்டாரு. கம்பெனி ஓடிப்போச்சுன்னு கேட்டதும் நெஞ்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தவருதான்." சிரித்தாள். "இப்போ பரவாயில்ல. மாடியில படுத்திருக்காரு. கூப்பிடட்டுமா?"

"வேணாம், வேணாம். இன்னொரு நாள் வர்றேன்."

எழுந்தபோதுதான் கேட்டது. தலைக்கு மேலே, வெட்டவெளியில், யாரோ கட்டிலில் புரண்டு படுத்து இருமினார்கள்.

பஸ்ஸுக்குத் திரும்பியவள் கணவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த மாதம் ஆணையர் கூட்டம் போட்டார். ஆளில்லாத இடத்தில் விளக்கும் பஸ்ஸும் எதற்கு, பிடுங்கி நெரிசலான பகுதிக்குக் கொடுக்கலாம் என்றார். நியாயமான பேச்சுதான்.

"அங்க ஒருத்தர் இருக்காங்க சார்" என்றாள் வசூலம்மா. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஜினீயரை அவளோடு அனுப்பி வைத்தார்கள்.

நட்டநடு மத்தியானம். அந்தப் பெண் இல்லை. வழியில் வசூலம்மா இன்ஜினீயரிடம் எதுவும் சொல்லவில்லை. போனில் பேசிக்கொண்டே பொட்டலில் நடந்தவர் திடீரென்று நின்றார். பக்கவாட்டில் திரும்பி, சுவரை ஒட்டி நடப்பவர் போல நேர்கோட்டில் போனார். மூலையில் திரும்பினார். வாசல் இருந்த இடத்துக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்தார்.

"ஏன் சார் சுத்திப் போறீங்க?"

"வழி இப்படித்தானே மேடம்..." என்றவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். போனை அணைத்தார்.

விளக்குகளில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்று அவரே ஆணையரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனி அந்த நிலத்தை வாங்கியது. கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி கேட்டது. வசூலம்மா சும்மா கொடுக்கவில்லை. தள்ளுபடிக்குப் பதிலாகத் தரைத்தளத்தில் ஒரு வீட்டை நகராட்சிக்கு எழுதித் தரச் சொன்னாள். அந்தப் பெண் நின்ற மூலையில் கட்டடம் வரக் கூடாது, திறந்தவெளியாக விட வேண்டும் என்றும் நிபந்தனை போட்டாள். காரணம் கேட்டவர்களுக்குக் காற்றோட்டம் என்றாள்.

வீடு தயாரானதும் அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சமையலறை மேடையைத் தடவிப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள்.

"ரொம்ப அம்சமா இருக்கும்மா."

"உங்களுக்குத்தான் அக்கா. இந்தாங்க சாவி."

அந்தப் பெண் பின்வாங்கினாள். அவள் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது; வேறு யாரோ என்று நினைத்துத் தன்னைக் கூட்டிவந்துவிட்டார்களே என்கிற வருத்தம்.

"எனக்குத்தான் வீடு இருக்கேம்மா. இல்லாதவங்க யாருக்காவது கொடுங்க. புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று வசூலம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அந்த வாரமே நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்கு வீட்டை ஒதுக்கினாள். அவர்கள் மூன்று பிள்ளைகளோடு குடி வந்து, அன்றைக்கே சுவரில் ஆணி அடித்து நாள்காட்டி மாட்டினார்கள்.