பூவுக்குள் ஒளிந்த பாக்கெட்

என் தம்பி ஆண்டோ பாப்பிரெட்டிப்பட்டியில் தையல்கடை வைத்த பிறகு வந்த முதல் ஈஸ்டர் இது. அப்பாவுக்கு மஞ்சள் சாமந்திப் பூக்கள் போட்ட சட்டை தைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு அவர் கோயிலுக்கு வரவேண்டும் என்று அவனுக்கு அத்தனை ஆசை. அப்பாவோ வெள்ளையைத் தவிர வேறெதையும் போட்டதில்லை.

காலையில் வெள்ளைச் சட்டையோடு கிளம்பி நின்றவர், புதுச் சட்டையைப் பிரித்துப் பார்த்தார். "நா என்ன பூக்கடையாடா? பாக்கெட் கூட வெக்கல. காணிக்கைக் காச எங்க வெக்கறது?"

"இருக்குதுங்கப்பா. நல்லாத் தேடுங்க" என்று ஆண்டோ சிரித்தான்.

அப்பா கண்ணருகில் வைத்துத் தேடினார். தம்பி அவர் விரலைப் பிடித்து ஒரு பூவுக்குள் நுழைத்தான். பாக்கெட் துணியில் பாதிப் பூ, சட்டையில் மீதிப் பூ. ஓர் இதழ்கூட விலகாமல் பொருத்தித் தைத்திருந்தான். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சேர்ந்த இடம் தெரியவே இல்லை.

அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றினார்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரே கூட்டம். நடுவில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"எம்பையன் தெச்சது. பாக்கெட் எங்க இருக்குதுன்னு சொல்லு மாப்ள, பாக்கலாம்!"